பதி, பசு, பாஸ்வேர்ட்: 24 வெள்ளிக் காலண்டர் ஒன்றைப் பற்றி

ஒரு காலண்டருக்கு 24 வெள்ளியா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆமாம், 24 சிங்கப்பூர் வெள்ளிதான். அதுவும் தேக்கா பக்கம் நகைக்கடையிலும் மளிகைக்கடையிலும் சாமான் வாங்கினால் சும்மா சுருட்டிக் கையில் கொடுக்கிறார்களே, அதே தினசரி கிழிக்கும் காலண்டர்தான்: ஓர் அட்டை, அதில் தடியாக 365 தாள், ஆணியில் மாட்ட மேலே ஓர் ஓட்டை. இதில் கூடுதலாக இருப்பது ஒவ்வொரு தாளிலும் ஒரு சிலேடை. பாதி சாமி, பாதி இன்டர்நெட். கேம்பல் லேனில் தீபாவளிச் சந்தை போட்டிருந்தபோது மூலையில் ஒரு சின்னக் கடையில் மூன்று இளையர்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள். "ஜோக் காலண்டரா தம்பி?" என்று கேட்டேன். "அங்கிள், ஜோக் இல்ல, சிலேடை" என்று கொஞ்சம் ரோஷத்தோடு பதில் வந்தது. அந்த ரோஷத்துக்காகத்தான் வாங்கினேன், பேநவ்வில் பணம் போய்விட்டது. அட்டையில் தயாரித்தவர் பெயர் எதுவும் இல்லை, ஒரு கியூஆர் மட்டும் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதை வைஃபை பஞ்சாங்கம் என்கிறோம்.

அட்டைப்படத்தை மட்டும் தனியாக விற்றாலும் வாங்கலாம். வழக்கமாக முருகனோ லட்சுமியோ இருக்கும் இடத்தில் ஒரு ரவுட்டர். அதற்கு மேல் வைஃபை குறி. மூன்று வளைவுக் கோடும் கீழே ஒரு புள்ளியும்தானே அந்தக் குறி? கோடுகளை வெள்ளை நிறத்திலும் புள்ளியைச் சந்தன நிறத்திலும் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான், நெற்றியில் திருநீற்றுப் பட்டையும் பொட்டும் ஆகிவிட்டது. சாமி படத்தில் கை வைக்கவில்லை, கேலிச் சித்திரமும் இல்லை, ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அம்மா பார்த்துவிட்டு, "என்னடா இது, கரண்ட் பெட்டிக்குப் பட்டை போட்டு வச்சிருக்கான்?" என்றார். பட்டை என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது பாருங்கள், அதுவே போதும்.

உண்மையான உழைப்பு தாளின் அடிப்பகுதியில் இருக்கிறது. தினசரித் தாளில் கட்டம் கட்டமாக ராகுகாலம், எமகண்டம், குளிகை, சூலம், பரிகாரம், சந்திராஷ்டமம் என்று இருக்குமே, அங்கேதான். நிஜப் பஞ்சாங்கத்தைப் பொடி எழுத்தில் அப்படியே விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டம் போட்டிருக்கிறார்கள்.

குளிகைக்கு எதிரே "கிளிக்கை". சும்மா சத்தத்துக்காகப் போட்டது என்று முதலில் நினைத்தேன். குளிகை நேரத்தில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பது நம்பிக்கை, அதனால்தான் அந்த நேரத்தில் நகை வாங்குவார்கள், பிரேதம் எடுக்க மாட்டார்கள். கிளிக்கைக்குக் கீழே இவர்கள் எழுதியிருப்பது: "இந்நேரத்தில் ஒருமுறை தொட்ட விளம்பரம் ஆயுள் முழுக்கத் திரும்ப வரும்." ஒரே ஒரு தடவை ஏர் ஃபிரையர் விலை பார்த்தவனுக்கு இது எவ்வளவு பெரிய சாஸ்திர உண்மை என்று தெரியும். அடுத்தது சந்திராஷ்டமம். நம்முடைய ராசிக்கு எட்டாவது ராசியில் சந்திரன் நிற்கும் அந்த இரண்டேகால் நாள் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும் என்பார்கள். அதற்கு எதிரே "சந்தாஷ்டமம்". மாதச் சந்தா கார்டிலிருந்து தானாகக் கழியும் நாள். எந்த ராசிக்காரருக்கு என்று போடுகிற இடத்தில் பணம் பிடிக்கப்போகிற ஆப் எது என்று நாமே எழுதிக்கொள்ளக் கோடு விட்டிருக்கிறார்கள். நான் நிஜமாகவே எழுதிவைத்தேன். பார்க்காமலே காசு கட்டிக்கொண்டிருந்த ஒரு படச் சந்தாவை அந்தக் கோட்டின் தயவில் நிறுத்தியாயிற்று. காலண்டர் விலையில் ஒரு பங்கு அங்கேயே வந்துவிட்டது.

சூலத்தில் திசையை மாற்றவில்லை. திங்களும் சனியும் கிழக்கு, செவ்வாயும் புதனும் வடக்கு, எல்லாம் சரியாகவே இருக்கிறது. பரிகாரத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். தயிருக்குப் பதில் "ரீஸ்டார்ட்", பாலுக்குப் பதில் "கேஷ் க்ளியர்", வெல்லத்துக்குப் பதில் "வேறு கேபிள்". வியாழனுக்குத் தைலம், அதை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டு, "கழுத்துக்கு" என்று சேர்த்திருக்கிறார்கள். குனிந்து குனிந்து போன் பார்க்கிற கழுத்துக்கு.

அப்புறம் மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள், சமநோக்கு நாள். நட்சத்திரத்தை வைத்துச் சொல்வது இது. மேல்நோக்கு நாளில் கட்டடம் எழுப்பலாம், கீழ்நோக்கு நாளில் கிணறு வெட்டலாம், சமநோக்கு நாளில் உழலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடியில் இருப்பவன் கிணறு எங்கே வெட்டுவது? இவர்கள் சொல்லை ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. கீழ்நோக்கு நாள் என்ற அச்சுக்குப் பக்கத்தில் ஒரு கட்டைவிரல், கீழே போகும் அம்புக்குறி. அதாவது ஸ்க்ரோல். சமநோக்கு நாளில் அதே கட்டைவிரல் பக்கவாட்டில் தள்ளுகிறது. கல்யாணத்துக்கு வரன் பார்க்கும் ஆப் வைத்திருக்கும் என் சித்தி மகன் அந்தத் தாளைக் கிழித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டான்.

ராகுகாலம் விஷயத்தில் ஒரு சின்ன விவாதம். அங்கே "ராங்கால்" என்று போட்டு, மோசடி அழைப்பு வரும் நேரம் என்று எழுதி, கீழே மோசடி பற்றிக் கேட்க 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணையும் அச்சடித்திருக்கிறார்கள். அதெல்லாம் சரி. நிஜ ராகுகால நேரம்தான் எங்கள் வீட்டில் சண்டையைக் கிளப்பியது. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்பது நமக்கெல்லாம் பால்பாடம், இதிலோ எட்டரை முதல் பத்து. தப்பு என்று அம்மா ஒரே பிடி. நகைக்கடைக் காலண்டரில் ஏழரைதான் இருக்கிறது, அந்த நகைக்கடைக்காரன் பொய்யா சொல்வான் என்பது வாதம். ஆனால் ராகுகாலம் சூரிய உதயத்திலிருந்து கணக்கிடுவது. பகலை எட்டுப் பங்காக்கினால் திங்களன்று இரண்டாவது பங்கு ராகுவுக்கு. ஆறு மணிக்கு விடியும் ஊருக்கு அது ஏழரை. சிங்கப்பூரில் 1982 ஜனவரி 1-ஆம் தேதி கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்ததிலிருந்து இங்கே விடிவது ஏழு மணியை ஒட்டித்தான், வருஷம் முழுக்க. அப்படிப் பார்த்தால் எட்டரைதான் சரி. கிண்டல் காலண்டர் போடுகிற பையன்கள் கணக்கை ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள்.

ராகுகால வரிசையை நினைவில் வைக்க ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுப்பார்களே, "திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று. முதலெழுத்துகளைச் சேர்த்தால் திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு. ஜனவரி முதல் தேதித் தாளில் அதைப் பெரிதாகப் போட்டு, "அன்றைய பாஸ்வேர்ட் குறிப்பு" என்று எழுதியிருக்கிறார்கள். பஞ்சாங்கத்துக்குள் சொல் விளையாட்டு இவர்கள் கொண்டுவந்த புதுமை இல்லை, எப்போதோ இருந்தது என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

இனி மேல்பகுதிச் சிலேடைகள். என் கணக்குப்படி இதில் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று, பழைய சொல்லை அப்படியே எடுத்துப் புது இடத்தில் வைப்பது. இன்னொன்று, சத்தம் ஒத்துப்போகிற ஆங்கிலச் சொல்லை உள்ளே திணிப்பது. முதல் ஜாதிக்கு நான் அடிமை. இரண்டாவது பத்தில் ஒன்றுதான் தேறுகிறது.

முதல் ஜாதிக்கு இரண்டு உதாரணம் போதும். வாட்ஸ்அப்பில் கடைசியாக எப்போது வந்தோம் என்பதை மறைத்து வைப்போம் அல்லவா, அப்படி ஒரு முகப்புப் படத்தைப் போட்டு, கீழே கந்தர் அனுபூதியிலிருந்து இரண்டே சொல்: "உளதாய் இலதாய்". இருக்கிறார், ஆனால் இல்லை. இன்னொரு தாளில் இரண்டு நீல டிக். கீழே, "கண்டவர் விண்டிலர்". பார்த்தவர்கள் பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் தாளைக் கிழித்தால் அதன் மறுபாதி, "விண்டவர் கண்டிலர்", பக்கத்தில் செய்தியைத் திறக்காமலே கருத்துப் பகுதியில் பொங்கிக்கொண்டிருக்கும் ஒருவரின் படம். கடவுளைப் பற்றி நம்மாட்கள் சொல்லிவைத்த ஒரு வாக்கு, ஓர் எழுத்தும் மாறாமல் இத்தனை கச்சிதமாக இங்கே வந்து உட்காரும் என்று யார் நினைத்தது?

இதெல்லாம் சாமிக் குத்தம் ஆகாதா என்று எங்கள் மாடியில் ஒரு பெரியவர் கேட்டார். காளமேகம் இருந்த மொழியில் இந்தக் கேள்வியே வரக் கூடாது. 15-ஆம் நூற்றாண்டு ஆள், பாம்புக்கும் எள்ளுக்கும், பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும், யானைக்கும் வைக்கோலுக்கும் ஒரே பாட்டில் பொருள் வைத்தவர், சிவனையும் பெருமாளையும் திட்டுவது மாதிரியே புகழ்ந்தவர். காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் மேல் அவர் பெயரில் ஒரு வெண்பா வழங்குகிறது. முக்கால், அரை, கால், அரைக்கால், இருமா, மாகாணி, ஒருமா, கீழரை என்று வாய்ப்பாட்டுப் பின்னங்களாகவே போகும். பிரித்தால் வேறு: மூன்றாவது காலாகக் கோலூன்றும் முன், நரை விழும் முன், காலனைக் கண்டு அஞ்சும் முன், விக்கி இருமும் முன், சுடுகாட்டுக்குப் போகும் முன், காஞ்சியில் அந்த ஒற்றை மாமரத்தடியில் இருப்பவனை இன்றே பாடு. சிரிக்கவைத்துக்கொண்டே சாவை ஞாபகப்படுத்துகிறார். உணவக விமர்சனத்திலும் அவர் நமக்கு முன்னோடி. நாகையில் காத்தான் சத்திரத்தில் சாப்பாடு தாமதமானதும் பாடினார் என்று சொல்லும் பாட்டில், பொழுது சாயும்போது அரிசி வரும், குத்தி உலையில் போடும்போது ஊர் அடங்கிவிடும், ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது வெள்ளி முளைத்துவிடும். ஒரு நட்சத்திரம்கூட கொடுத்திருக்க மாட்டார். பிறகு சத்திரக்காரர் கெஞ்சியதும் அதே சொற்களுக்குப் புகழ்ச்சியாக வேறு பொருள் சொன்னார் என்பது கதை. பதிவை அழிக்காமலே ரேட்டிங்கை மாற்றிய ஒரே ஆள். இந்தக் காலண்டரில் அவருக்கு ஒரு தாள் உண்டு. ஒரு கரிய மேகம், உள்ளே மேலே பார்த்த அம்புக்குறி, கீழே "காளமேகச் சேமிப்பு". கிளவுட் என்பதை நான் இனி அப்படித்தான் சொல்லப்போகிறேன்.

இரண்டாவது ஜாதியில் தேறிய ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், தலைப்பிலேயே வைத்துவிட்டேன். பதி, பசு, பாசம் என்பது சைவ சித்தாந்தத்தின் மூன்று பொருள்: இறைவன், உயிர், கட்டு. உயிர் இறைவனிடம் போய்ச்சேர முடியாமல் நடுவில் நின்று மறிப்பது பாசம். காலண்டரில் ஒரு லாக்இன் பெட்டி, "பதி, பசு, பாஸ்வேர்ட்". உள்ளே இருப்பவன் ஒருவன், வெளியே நிற்பவன் ஒருவன், நடுவில் மறிப்பது ஒன்று. வெறும் சத்தம் இல்லை, தத்துவமே சரியாக இருக்கிறது. இதை யோசித்தவர் சித்தாந்த வகுப்பில் கொஞ்ச நாளாவது உட்கார்ந்திருக்க வேண்டும், அல்லது அவருடைய தாத்தா விட்டிருக்க மாட்டார். அதே கை எழுதியதுதான் "ஆணவம், கமெண்ட், மாயை" என்பதும். மூன்று மலத்தில் நடுவில் இருப்பது கன்மம், செய்தது செய்தவனிடமே திரும்பி வரும். பத்து வருஷத்துக்கு முன்னால் போட்ட ஒரு கமெண்டை யாரோ தேடி எடுத்து வேலைக்கு உலை வைத்த கதைகளை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

வைணவத்தையும் விடவில்லை. குட்டிக் குரங்கு தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், பூனைக்குட்டியைத் தாயே வாயில் கவ்விக்கொண்டு போகும் என்று வடகலைக்கும் தென்கலைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்வார்கள், மர்க்கட நியாயம், மார்ஜால நியாயம் என்று. இங்கே தேடுபெட்டிக்குக் குரங்கு, ஆட்டோபிளேக்குப் பூனை. நாம் ஒன்றுமே செய்ய வேண்டாம், ராத்திரி ரெண்டு மணி வரை அதுவே கவ்விக்கொண்டு போகும். அந்தத் தாளில் பூனை வீடியோவின் படம் இருப்பது கூடுதல் கொசுறு.

தைப்பூசத் தாள் இந்த ஊருக்கென்றே எழுதியது: "லீவு இல்லை, லைவ் உண்டு." 1968-இல் பொது விடுமுறைப் பட்டியலைக் குறைத்தபோது தைப்பூசம் போனது, அன்றிலிருந்து விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை காவடி நடக்கிறது. 2021-இல் பெருந்தொற்றால் அந்த நடை ஊர்வலமும் காவடியும் இல்லாமல், முன்பதிவு செய்தவர்கள் மட்டும் கோயிலுக்குப் போக, மற்றவர்கள் வீட்டில் நேரலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டோம். நாலு சொல்லில் அவ்வளவும் இருக்கிறது. சென்னையில் இருப்பவனுக்கு இதில் பாதிதான் புரியும். நமக்கும் ஏதாவது ஒன்று வேண்டாமா?

ஏனென்றால் அங்கிருந்து இறக்குமதியானவை இதில் நிறைய. "டவர் தரிசனம் கோடி புண்ணியம்" என்று ஒன்று. சிக்னலை டவர் என்பது ஊர்ப் பழக்கம். இங்கே ஆன்டெனாவெல்லாம் புளோக்கின் மொட்டை மாடியில், சுரங்கத்துக்குள் எம்ஆர்டி ரயிலில்கூட லைன் கிடைக்கிறது, டவரைத் தேடி யார் ஏங்குகிறார்கள்? முருகன் அருணகிரிநாதருக்குச் சொன்ன "சும்மா இரு சொல்லற" என்பதை "சும்மா இரு, செல்லற" என்று ஆக்கியது நல்ல சிலேடைதான், ஓர் எழுத்துதான் மாறுகிறது, உபதேசமும் மாறவில்லை. ஆனால் இங்கே அதை ஹேண்ட்போன் என்போம், செல் என்று சொல்கிறவர்கள் குறைவு, அதனால் சிரிப்பு ஒரு நொடி பிந்தித்தான் வருகிறது.

மட்டமானவற்றையும் சொல்ல வேண்டும். "வைஃபையே சிவம்", "அட்மினன்றி ஓரணுவும் அசையாது", "வொர்க் ஃப்ரம் ஓம்", இதெல்லாம் எல்லாருடைய குடும்பக் குரூப்பிலும் பலமுறை சுற்றி ஓய்ந்தவை, 24 வெள்ளி வாங்கிக்கொண்டு இவற்றை அச்சில் தரலாமா? "கந்தா கன்டென்ட் தா" என்பதைப் படித்துவிட்டு அந்தத் தாளை நள்ளிரவுக்கு முன்பே கிழித்தேன். 365 நாளைக்கும் சிலேடை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததுதான் கோளாறு. ஆவணிக்கு மேல் புரட்டிப் பார்த்தால் மூச்சு வாங்குவது தெரிகிறது, சில நாள் பழையதையே நிறம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். வாரத்துக்கு ஒன்று போட்டிருந்தால் அத்தனையும் முத்தாக இருந்திருக்கும். திங்கட்கிழமைகளுக்கு மட்டும் ஒன்றையே நிரந்தரமாக வைத்தது நல்ல யோசனை: "மயிலுண்டு பயமில்லை" போய் "மெயிலுண்டு பயமுண்டு". வார விடுமுறை முடிந்து அலுவலகப் பெட்டியைத் திறப்பவனுக்கு இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

பௌத்தர்களின் விசாக தினத் தாள் ஒரு விநோதம். முன்பக்கம் அருமை. ஒற்றைக் கையின் ஓசை எது என்று ஜப்பானிய ஜென் குரு ஹகுயின் கேட்ட கேள்வி, பதிலாக ஒரு லைக் விரல். ஒரு கை தட்டினால் ஓசை வராது என்று நாம் சொல்வதும் கூடவே ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. பின்பக்கத்தில் ஏன் அந்தப் பீட்சா நகைச்சுவையைத் தமிழில் பெயர்த்தார்கள் என்றுதான் புரியவில்லை. பௌத்தத் துறவி கடைக்குப் போய்க் கேட்கும் ஆங்கில வாக்கியத்துக்கு இரண்டு பொருள், எல்லாம் தூவி ஒன்று கொடு என்றும், என்னை எல்லாவற்றோடும் ஒன்றாக்கு என்றும். தமிழில் அந்த இரண்டும் ஒரே வாக்கியத்துக்குள் அடங்கவே அடங்காது. 2011-இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் கார்ல் ஸ்டெஃபானோவிச் அதைத் தலாய் லாமாவிடமே ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தார். அவருக்கே ஒன்றும் புரியாமல் விழித்த காணொளி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நேரில் சொல்லியே எடுபடாதது மொழிபெயர்த்தால் எடுபடுமா?

நோன்புப் பெருநாள், கிறிஸ்துமஸ், ஹஜ்ஜுப் பெருநாள் தாள்களில் வாழ்த்து மட்டும், சிலேடை கிடையாது. கடையில் இதைக் கேட்டபோது, எங்கள் வீட்டுப் பூஜை அறையைத்தான் நாங்கள் கிண்டல் செய்யலாம், அடுத்த வீட்டுக்குள் போக மாட்டோம் என்றார்கள். சமய நல்லிணக்கத்துக்கு 1990-இலேயே சட்டம் போட்ட ஊரில் இது புத்திசாலித்தனம் என்று சொல்லலாம், ஆனால் சட்டத்துக்குப் பயந்து என்று எனக்குத் தோன்றவில்லை. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயிலும் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பழக்கம். விசாகத்துக்கு மட்டும் விதிவிலக்கு ஏன் என்று கேட்கலாம், நானும் கேட்டேன், மழுப்பினார்கள். என் கூட வேலை செய்யும் காயல்பட்டினத்துக்காரர் தாளைப் பார்த்துவிட்டு, "எங்களுக்கும் ஒன்னு போட்டிருக்கலாமே, நானே தர்றேன்: நோன்பு திறக்கிற வரைக்கும் டேட்டா ஆஃப், திறந்ததும் டேட்ஸ் ஆன்" என்றார். அவர் சொன்னால் அது அழகு.

குருப்பெயர்ச்சித் தாளில் கறுப்புப் பின்னணியில் சிவப்புக் கட்டம், உள்ளே "குரு மெடிடேஷன்" என்று ஒரு பிழைச் செய்தி. என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. 1985-இல் வந்த அமிகா கணினி படுத்துவிட்டால் திரையில் நிஜமாகவே இப்படித்தான் காட்டும். அதை உருவாக்கியவர்களிடம் ஏறி உட்கார்ந்து ஆட்டி விளையாடும் ஒரு பலகைக் கருவி இருந்தது. கணினி படுத்தும்போதெல்லாம் அதன்மேல் அசையாமல் தியானத்தில் இருக்கும் குரு போல உட்காரப் பார்ப்பார்களாம், அந்த வேடிக்கைதான் பிழைச் செய்தியின் பெயராயிற்று. ஆன்மிகத்தையும் கணினியையும் கலந்து சிரிப்பது சிலிக்கன் பள்ளத்தாக்கிலும் அப்போதே இருந்திருக்கிறது. இந்த வயதுப் பையன்கள் அதை எங்கிருந்து பிடித்தார்களோ.

தாளின் பின்பக்கம் பற்றி எனக்குக் கோபம் உண்டு. ஒவ்வொரு சிலேடைக்கும் ஆங்கிலத்தில் விளக்கம். நகைச்சுவையை விளக்கினால் அது செத்துவிடும், அதுவும் வேறு மொழியில். ஆனால் உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகன் முதலில் புரட்டுவது அந்தப் பின்பக்கத்தைத்தான். "எரரோகரா" ஒன்றுதான் அவனுக்கு விளக்கமில்லாமல் புரிந்தது. "அப்பா, இது எரர் ப்ளஸ் அரோகராவா?" என்று கேட்டுவிட்டு, இப்போது மடிக்கணினி திணறும்போதெல்லாம் வீடு முழுக்கக் கேட்கும்படி கத்துகிறான். "கண்டவர் விண்டிலர்" அவனுக்குப் பின்பக்கம் படித்துத்தான் தெரிந்தது, தெரிந்த பிறகு தமிழாசிரியருக்கே அனுப்பியிருக்கிறான். ஆகவே அந்தக் கோபத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். விளக்கத்தைத் தாளின் பின்னால் போடாமல் கியூஆரில் வைத்திருக்கலாம் என்று மட்டும் சொல்வேன், தாள் மெல்லிசு, மறுபக்க எழுத்து முன்பக்கத்தில் நிழலடிக்கிறது.

தரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேலே அடித்திருக்கும் பின்கள் சரியில்லை. சித்திரை வாக்கில் ஒரு தாளைக் கிழித்தால் நாலு தாள் கூடவே வந்தது. படம் எடுத்து அனுப்பினேன், கேள்வி கேட்காமல் புதிதாக ஒன்று அனுப்பிவிட்டார்கள், அதில் பின் உறுதியாகவே இருக்கிறது. கியூஆரைத் தட்டினால் கிடைக்கும் வாட்ஸ்அப் ஸ்டிக்கர் தொகுப்புக்குத் தனியாக 3 வெள்ளி. அது வேண்டாம். காலண்டரில் உள்ளதையே சிறிதாக்கிப் போட்டிருக்கிறார்கள், போன் திரையில் எழுத்தே தெரியவில்லை. எரரோகரா ஸ்டிக்கர் ஒன்று மட்டும் உருப்படி, அதை யாரிடமிருந்தாவது வாங்கிச் சேமித்துக்கொள்ளலாம்.

பெரிய குறை நிஜப் பஞ்சாங்கத்தின் எழுத்தளவு. திதியும் நட்சத்திரமும் பார்க்க அம்மாவுக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படுகிறது. அதனால் சமையலறையில் நகைக்கடைக் காலண்டர், ஹாலில் இது என்று வீட்டில் இப்போது இரண்டு தொங்குகின்றன. ராகுகாலத்துக்கு அம்மா சமையலறையைப் பார்க்கிறார், நான் ஹாலைப் பார்க்கிறேன், வெளியே கிளம்ப வேண்டும் என்றால் இரண்டையும் தாண்டித்தான் போகவேண்டியிருக்கிறது. பாதி வருஷம் ஆகிவிட்டதால் மிச்சமிருப்பதை 10 வெள்ளிக்குத் தருகிறார்கள். மீதித் தாள்களில் மட்டமானவைதான் அதிகம் என்றாலும், சந்தாஷ்டமக் கோடு எல்லாத் தாளிலும் இருக்கிறது, அதற்காகவே வாங்கலாம்.

அடுத்த வருஷத்துக்கு முன்பதிவு தொடங்கிவிட்டது, 20 வெள்ளி என்கிறார்கள். எனக்கொன்று, அந்தக் காயல்பட்டினத்துக்காரருக்கு ஒன்று என்று இரண்டு சொல்லிவைத்திருக்கிறேன். கூடவே, பஞ்சாங்க எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள், சிலேடையை வாரத்துக்கு ஒன்றாக்குங்கள், வைஃபையே சிவத்தை எடுத்துவிடுங்கள் என்று விலாவாரியாக ஒரு மெசேஜும் போட்டேன். உடனே இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இன்னும் வரவில்லை.